ஏழாம் கம்பம்

உருத்தியா குடும்பத்தார் பொய் எழுத மாட்டார்கள் என்பது ஐடஹோ மலைப்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரை நம்பித்தான், அப்பா பார்த்துவந்த பனி அளக்கும் வேலையில் அந்த வீட்டுப் பெண் நெரேயாவைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்தக் குளிர்காலத்தைப் பிழையில்லாமல் முடித்தால் வேலை நிரந்தரம்.

மலைமேல் வரிசையாகப் பத்துக் கம்பங்கள். மாதந்தோறும் ஒவ்வொன்றின் அருகிலும் குழாயைப் பனிக்குள் இறக்கி ஆழம் பார்த்து, பனியோடு தூக்கி எடை போட வேண்டும். கோடையில் ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று கீழே இருப்பவர்களுக்குச் சொல்வது அதை வைத்துத்தான். குழாயைப் பிடிப்பவர் எண்ணைச் சொல்ல, எழுதுபவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாறாத வழக்கம்.

ஆறாம் கம்பத்தில் நாற்பத்து நான்கு அங்குலம். ஏழாவது கம்பம் சரிவுக்கு அடியில் ஒரு பள்ளத்தில் நின்றது. அங்கே குழாய் இறங்கிக்கொண்டே போனது.

“எண்பத்து மூணு,” என்றாள் நெரேயா.

“எண்பத்து மூணு,” என்றது ஓர் ஆண்குரல், சரிவின் பக்கமிருந்து.

அவள் திரும்பினாள். உடன் வந்த ட்வைட் பென்சிலை வாயில் கவ்விக்கொண்டு கையுறையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

“என்ன சொன்னே? காதுல விழல.”

மறுபடி சொன்னாள். இப்போது அவன் மட்டும் திருப்பிச் சொன்னான்.

எட்டாவதில் நாற்பத்தெட்டு. ட்வைட் பழைய ஏட்டைப் புரட்டிச் சிரித்தான்.

“உங்கப்பா பெரிய ஆளுதான். பத்தொன்பது வருஷமும் ஏழாம் நம்பர் ஆறுக்கும் எட்டுக்கும் சரியா நடுவுலயே நிக்குது. பனியே அவருக்குப் பயந்து விழுந்திருக்கு போல.”

நெரேயா சிரிக்கவில்லை. இருபது வருடங்களுக்கு முன் அந்தப் பள்ளத்தில்தான் அப்பாவையும் சித்தப்பா மார்ட்டினையும் பனிச்சரிவு மூடியது. அப்பா மட்டும் மீண்டு வந்தார். ஏட்டில் எழுதிக்கொண்டிருந்தவர் சித்தப்பா.

சாயங்காலம் வீட்டில் அப்பா சால்வடோர் அடுப்பில் பீன்ஸைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“எண்பத்து மூணுன்னு எழுதி அனுப்பினா உங்க ஏட்டையெல்லாம் தோண்டுவாங்கப்பா. நாப்பத்தாறுன்னு மாத்தினா நானும்...”

அவர் திரும்பவில்லை. “அவன் திருப்பிச் சொன்னானா?”

“சித்தப்பாவா? சொன்னாரு.”

“அந்தக் குளிர்காலமே, மறுபடி அளக்கப் போனப்ப நானும் கேட்டேன். அப்புறம் அங்க கால் வைக்கல. ஆறாவதுல இருந்து எட்டுக்குச் சுத்திப் போயி, ஏழுக்கு ரெண்டுக்கும் நடுவுல ஒரு நம்பரைச் சொல்லிடுவேன். கூட வந்தவன் எவனும் ஏன்னு கேக்கல. உருத்தியாவாச்சே.”

“என்னால மறைக்க முடியாதுப்பா.”

“மறைக்கச் சொன்னேனா? நீ எண்பத்து மூணையே அனுப்பு. என் பொய்யை நான்தான் எழுதி அனுப்பணும், என் மக இல்ல. அந்தப் பேனாவைக் கொடு.”

ஒரு தாளில் பத்தொன்பது வருடங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘அளக்கவில்லை’ என்று போட்டார். காரணம் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

“இடம் ஆபத்தானதுன்னு போடுங்கப்பா. அது நிஜந்தானே.”

“ஆபத்துன்னு தெரிஞ்சுதானே அந்த வேலைக்குப் போனேன்.”

‘பயந்தேன்’ என்று எழுதி, கீழே முழுப்பெயரை இட்டார்.

“அடுத்த மாசமும் அதே பள்ளத்துல நிக்கணுமே,” என்றார்.

“வேலையில வச்சிருந்தா நிக்கணும்,” என்றாள் நெரேயா. எது நடந்தால் தேவலை என்று அவளுக்கே தெரியவில்லை.