காலிக் கட்டடத்தில் கூட்டம்

காலிக் கட்டடத்தை ஒருபோதும் இருட்டில் காட்டக் கூடாது. வாடகைக்கு வருகிறவர் வெறும் சுவரைப் பார்க்க வருவதில்லை, அதற்குள் தன் வியாபாரம் நடப்பதைப் பார்க்க வருகிறார். அதனால் நான் எப்போதும் முன்கூட்டியே போய்விடுவேன். எல்லா விளக்குகளையும் போடுவேன். ஷட்டருக்கு அடியில் குவிந்து கிடக்கும் நோட்டீஸ்களைப் பெருக்கித் தள்ளுவேன். மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கழிப்பறையிலும் தண்ணீர் ஊற்றுவேன். பூட்டிக் கிடக்கும் கட்டடத்தில் கழிவுக் குழாயில் நிற்கும் தண்ணீர் வற்றி, சாக்கடை நாற்றம் மேலே ஏறிவிடும். அதை ஒரு தடவை முகர்ந்தவர் மறுபடி எட்டிப் பார்க்க மாட்டார். கடைக்கும் அலுவலகத்துக்கும் இடம் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் என்றால் வாய்தான் மூலதனம் என்று நினைக்கிறார்கள். பாதி மூலதனம் துடைப்பம்.

அன்று காட்ட வேண்டியது என் மாமனாரின் கட்டடம். பெரிய கடைத்தெருவின் நடுவில், ஒரு காலத்தில் ஊசி முதல் கட்டில் வரை விற்ற நாலு மாடிக் கடை. ஊருக்கே சோறு போட்ட ஆலை மூடியதும் ஊர் படுத்துவிட்டது. வங்கி இடம் மாறியது, தியேட்டர் கிடங்கானது, தெருவில் பாதிக் கடைகளுக்குப் பூட்டு விழுந்தது. அந்த நேரம் பார்த்து, அடிமாட்டு விலைக்கு வருகிறதே என்று என் மாமனார் இதை வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். கூரை ஒழுகும், வரி ஏறும், வாடகைக்கு மட்டும் ஆள் வராது.

கடைசியில் அலுத்துப்போய், ஒரு காண்டிராக்டருக்கு விற்றுவிடுவது என்று முடிவு செய்துவிட்டார். காண்டிராக்டர் இதை இடித்துவிட்டுக் கார் பார்க்கிங் கட்டப் போகிறார். மறுநாள் கையெழுத்து. அதற்குள் நான் ஒரு வாடகைதாரரைக் கொண்டுவந்தால் விற்பனை நிற்கும், இல்லாவிட்டால் புல்டோசர்தான் என்று மாமனார் சொல்லிவிட்டார். அதையும் சும்மா சொல்லவில்லை.

"ஊர்ல இருக்கிற கட்டடத்துக்கெல்லாம் ஆள் பிடிக்கிற. நம்ம வீட்டுக் கட்டடத்துக்கு மட்டும் உனக்கு ஆள் கிடைக்கலையேம்மா" என்று சாப்பாட்டு மேஜையில், எல்லார் முன்னாலும், வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி சொன்னார். என் கணவர் வழக்கம்போல மதில்மேல் பூனை. அந்தக் கட்டடம் விழுந்தால் தெருவே விழுந்துவிடும் என்பது ஒரு பக்கம். அந்த மேஜையில் நான் வாயைத் திறக்க முடியாது என்பது இன்னொரு பக்கம். எனக்கு இரண்டாவதுதான் அதிகம் உறுத்தியது.

நான் பிடித்து வைத்திருந்தது பெரிய மரச்சாமான் கம்பெனி ஒன்று. அதன் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் அன்று காலை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். விடிந்ததும் விடியாததுமாக என் கொழுந்தனைக் கிளப்பிக்கொண்டு போனேன். அவன் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் அவனுக்கு ‘கரண்டு’ என்று பெயர். கட்டடத்தின் நடுவே ஒரு எஸ்கலேட்டர் இருந்தது. ஊரிலேயே முதலில் வந்தது அதுதான். கடை மூடிய நாளிலிருந்து தூசி தின்று கிடந்தது. அதை மட்டும் ஓட வைத்துக் காட்டிவிட்டால் அந்த அம்மாள் சொக்கிப்போவார் என்று எனக்குத் தோன்றியது.

கரண்டு தரைப்பலகையைத் திறந்து உள்ளே இறங்கினான். எண்ணெய் விட்டான், சங்கிலியைத் துடைத்தான், எதையோ திட்டினான். பிறகு பொத்தானை அழுத்தினான். அது ஒரு முறை செருமியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு படி படியாக மேலே ஏற ஆரம்பித்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் குஷியில்தான், தொழில் தெரிந்த எவரும் செய்யாத தப்பைச் செய்தேன். கட்டடம் காட்டும்போது ஒரு ஷட்டரைப் பாதி தூக்குவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் தெருப்பக்கம் இருந்த அத்தனை ஷட்டர்களையும் தூக்கிவிட்டு, முகப்பு விளக்குகளையும் போட்டுவிட்டேன்.

முதலில் காய்கறிப் பையோடு ஒரு பெண் உள்ளே வந்தார். கடை மறுபடி திறந்துவிட்டதா என்று கேட்டார். இல்லை, தயவுசெய்து வெளியே போங்கள் என்றேன். அவர் பார்வை என்னைத் தாண்டி எஸ்கலேட்டர் மேல் இருந்தது. ஒரே ஒரு தடவை என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார். அவரைத் துரத்திக்கொண்டு நான் மேலே போய் வருவதற்குள் கீழே ஏழெட்டுப் பேர். பஸ்ஸுக்கு நின்றவர்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்பியவர்கள், நடைபாதையில் செல்போன் ரிப்பேர் செய்கிறவர். ஒருவர் இன்னொருவருக்குப் போன் போட்டுச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் உள்ளே நிற்க இடமில்லை. ஏறுகிறவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். அந்தத் தெருவில் இத்தனை பேர் சேர்ந்து சிரித்து நான் பார்த்ததே இல்லை.

அந்த நேரத்தில் கம்பெனி அம்மாள் வாசலில் வந்து நின்றார். எனக்கு உள்ளூர ஒரே பூரிப்பு. இந்த ஊரில் கூட்டம் வராது என்று போனில் இழுத்துக்கொண்டிருந்தவருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? யாரும் கூப்பிடாமல் தானாக வந்த கூட்டம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, எஸ்கலேட்டரை நிறுத்துகிற சிவப்புப் பொத்தான்மேல் கையை வைத்துக்கொண்டு நின்ற கரண்டு அங்கிருந்து கத்தினான்.

"அண்ணி, இன்னும் ஆள ஏத்தாதீங்க, வெயிட்டு தாங்காது!"

அந்த அம்மாள் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு மரியாதையான சிரிப்பு வந்தது.

"இத்தன பேரும் உங்க சொந்தக்காரங்களா?"

அவன் மட்டும்தான் என்றேன். நம்பவில்லை. கூட்டத்தைக் கூட்டிவந்து காட்டுகிற புரோக்கர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறாராம், ஆனால் எஸ்கலேட்டர் புதுசு என்று பாராட்டிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். இத்தனை வருஷமாக நான் சொன்ன பொய்யை எல்லாம் நம்பிய உலகம், முதல்முறையாகச் சொன்ன உண்மையை நம்பவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஷட்டரை இழுத்து மூடிவிட்டு எங்கேயாவது உட்கார்ந்து அழலாம் என்று திரும்பினேன்.

செல்போன் ரிப்பேர்காரர் வழியில் நின்றார். முன்பு சென்ட் விற்ற கண்ணாடிக் கவுண்டர்மேல் தன் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார். இதற்கு மட்டும் வாடகை என்ன ஆகும் என்று கேட்டார். எங்கள் தொழிலில் இப்படிப்பட்டவர்களை ஏறெடுத்தும் பார்க்க மாட்டோம். ஒரே ஆள், முழுக் கட்டடம், ஒரே ஒப்பந்தம், அதுதான் வழக்கம். சில்லறை ஆட்களைச் சேர்த்தால் சில்லறைத் தொல்லை. ஆனால் எனக்கு இருந்த கோபத்தில் வழக்கமாவது ஒன்றாவது.

"எவ்வளவு இடம் வேணும் உங்களுக்கு?"

அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கரண்டின் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து, அவர் கை விரிந்த அளவுக்குத் தரையில் ஒரு கட்டம் போட்டேன். போட்டதுதான் தாமதம், வீட்டுக் கூடத்தில் தையல் வகுப்பு நடத்துகிற ஒரு பெண் ஜன்னலோரம் தனக்கு என்றார். டியூஷன் எடுக்கும் கணவனும் மனைவியும் சத்தம் இல்லாத இடமாக மாடியில் கேட்டார்கள். போட்டோ பிடிக்கிறவர் வெளிச்சம் பார்த்தார். எஸ்கலேட்டர் ஏறியதும் வரும் மூலைக்கு இரண்டு பெண்கள் சண்டையே போட்டார்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்ற தெருவில் ஒரு மூலைக்குச் சண்டை! எனக்கு அது சங்கீதமாகக் கேட்டது. சாக்பீஸ் தேயத் தேய நான் மாடிக்கும் கீழுக்கும் ஓடினேன். இப்படி ஒரு சந்தோஷம் இந்தத் தொழிலில் எனக்கு வந்ததில்லை.

அப்போதுதான் மாமனாரும் காண்டிராக்டரும் வியர்த்து வழிய நடந்து வந்தார்கள். கையெழுத்துக்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை இடத்தைப் பார்க்க வந்திருக்கிறார்கள். தெரு முழுக்க வண்டி நின்றதால் காரை எங்கேயோ விட்டுவிட்டு வர வேண்டியதாகிவிட்டது. காண்டிராக்டருக்கு அதில் ஏகக் குஷி.

"பாத்தீங்களா சார், வண்டி நிறுத்த இடமே இல்ல. இங்க பார்க்கிங் கட்டினா பிச்சுக்கிட்டுப் போகும்" என்றார்.

நான் சேர்த்த கூட்டமே கட்டடத்துக்கு எமனாகிவிட்டது. மாமனார் உள்ளே நடந்தார். எஸ்கலேட்டரைப் பார்த்தார், எண்ணெய்க் கையோடு நின்ற சின்ன மகனைப் பார்த்தார், கட்டத்துக்குள் நின்று ஒவ்வொருவரும் அளந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். என் சாக்பீஸ் கோடு எதையும் மிதிக்காமல் சுற்றிச் சுற்றி நடந்தார். அதை நான் கவனித்தேன். பிறகு காண்டிராக்டரிடம் திரும்பினார்.

"இத இடிச்சிட்டா, வண்டிய நிறுத்திட்டு இவங்க எங்க போவாங்க?"

எனக்கு அந்த இடத்திலேயே மாமனாரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் புரோக்கர் புத்தி எங்கே போகும்? தியேட்டருக்குப் பின்னால் ஒரு காலி மனை சும்மா கிடக்கிறது, பார்க்கிங்குக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது, உடையவர் எனக்குத் தெரிந்தவர்தான் என்று காண்டிராக்டரிடம் சொல்லி, கரண்டை அவரோடு அனுப்பிவைத்தேன்.

மாமனார் என் பக்கத்தில் வந்து நின்றார். நாளைக்கும் எல்லா விளக்கையும் போட்டு வைக்கச் சொன்னார். நாளைக்குக் கையெழுத்து ஆயிற்றே என்று வேண்டுமென்றே இழுத்தேன். அவர் கையை நீட்டி, மிச்சமிருந்த துண்டு சாக்பீஸை வாங்கினார். வாசலுக்குப் பக்கத்தில் சிரமப்பட்டுக் குனிந்து, ஒரு நாற்காலியும் மேஜையும் போடுகிற அளவுக்குக் கட்டம் வரைந்தார்.

"இத யாருக்கும் குடுத்துடாதம்மா. இது எனக்கு."

எனக்குக் கண் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கோட்டை ஒரு தடவை அளந்து பார்த்தேன்.

"வாசல் பக்கம் மாமா," என்றேன். "வாடகை கொஞ்சம் கூட ஆகும்."