மூன்றாவது பிளக்

நேற்று சாயந்தரம், வேன் எஞ்சினுக்கு இரண்டு ஸ்பார்க் பிளக்குகளை மாற்றி முடித்து மூன்றாவதை முறுக்கும்போது அது பாதியிலேயே இறுகிக்கொண்டது. என் வீட்டுக்காரர் ஜேசுதாசன் ஸ்பேனரின் கைப்பிடியில் ஓர் இரும்புக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். பிளக் இறங்கிவிட்டது. "பாத்தியா தேவகிருபை, எதையும் அரைகுறையா விடக் கூடாது" என்றார். விளக்குமாறும் கையுமாக நின்ற எனக்கு என்ன தெரியும்? பட்டாளத்தில் பனிமலைப் பாதையில் லாரி ஓட்டியவர் அவர். அங்கே ஒரு நட்டு தளர்ந்தால் லாரியோடு பள்ளத்துக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பழக்கம், இவர் மூடிய தண்ணீர்க் குழாயை இன்றைக்கும் என்னால் திறக்க முடியாது. அந்த லாரிகளெல்லாம் டீசல், அவற்றில் இந்த பிளக்கே கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியாது. இவருக்குத் தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை.

எங்கள் மகன் ஆஸ்டினுக்கு இருபத்தெட்டு வயது. பேச்சு வராது. அப்பாவைவிட ஒரு சாண் உயரம். கடைவாய்ப் பல்லடி வீங்கி, கஞ்சிகூட இறங்காமல், சில நாளாகத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். யாரையும் வாயைத் தொட விடமாட்டான், மயக்கம் கொடுத்துத்தான் பிடுங்க வேண்டும். அதற்கான டாக்டர் மதுரையிலிருந்து மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவார். இன்றைக்கு மதியம்வரை இருப்பார். நாங்கள் தளவாய்புரத்திலிருந்து போக வேண்டும். ஆஸ்டின் இந்தப் பழைய மாருதி வேனைத் தவிர எதிலும் ஏறமாட்டான். முன்சீட்டுக்கு அடியில்தான் எஞ்சின். அந்தச் சூடும் அதிர்வும் உடம்பில் ஏற ஏற அடங்கிவிடுவான். ஒருமுறை ஆம்புலன்சில் ஏற்றினோம், ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் ஓடும் வண்டியில் கதவைத் திறந்துவிட்டான். போன வாரம் வேன் திக்கித் திணறியது. வழியில் நின்று மானத்தை வாங்கிவிடக் கூடாதே என்றுதான் இவர் புது பிளக் வாங்கி வந்தார்.

காலையில் ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினோம். வாசலைத் தாண்டவில்லை, சீட்டுக்கு அடியில் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஆஸ்டின் காதைப் பொத்திக்கொண்டு குதித்து ஓடினான். சீட்டைத் தூக்கிப் பார்த்தால், மூன்றாவது பிளக் தெறித்து வெளியே கிடந்தது. இவர் அதைக் கையால் செருகித் திருகினார். அது பிடிமானமில்லாமல் சும்மா சுற்றியது. தீப்பிடித்துவிடப் போகிறதே என்று பயந்து பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் சோணைமுத்துவுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, மரை அறுந்துபோச்சு. எஞ்சின் ஹெட்டு மெத்தான அலுமினியம்லா. பிளக்கு கோணலா ஏறியிருக்கு, நீங்க பலத்தக் குடுத்து எறக்கிட்டீய. ஹெட்டக் கழட்டி லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோணும். எப்படியும் நாளைக்கு ஆயிரும்."

"சரி தம்பி" என்று மட்டும் சொன்னார் இவர்.

எதிர்வீட்டு வேல்பாண்டி தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். காரைக் கண்டதும் ஆஸ்டின் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான். மூன்று பேர் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. வேல்பாண்டியின் கையைக் கடிக்கப் போய், கடித்த வலி தன் பல்லிலேயே ஏறி அலறினான். என் பிள்ளை அப்படி அலறி நான் கேட்டதில்லை. மயக்கம் கொடுக்க வேண்டுமே என்று ராத்திரியிலிருந்து தண்ணீர்கூடக் கொடுக்காத வாய் அது.

"கயித்தக் கட்டி வேன இழுத்துட்டுப் போயிருவமாக்கா?" என்றான் வேல்பாண்டி.

"எஞ்சின் ஓடலன்னா கதவத் தொறந்துருவான்யா."

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். எங்கே வருகிறீர்கள், டாக்டர் கேட்கிறார், இன்றைக்கு விட்டால் அடுத்த மாதம்தான் என்றாள். வந்துகொண்டே இருக்கிறோம் என்று பொய் சொன்னேன். போனை வைத்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது.

"நீங்க தொடாம விட்டிருந்தா, திக்கித் திக்கியாவது போய்ச் சேந்திருக்கும்லா?"

"ஆமா" என்றார்.

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். ஆமா என்று சொல்கிற மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கிரீஸ் அப்பிய கையை வேட்டியில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். அழுகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அழுதால் நானும் உடைந்துவிடுவேன், அப்புறம் ஆஸ்டினை யார் பார்ப்பது?

அவன் பாட்டுக்கு எழுந்து வேனுக்குள் போனான். தூக்கி வைத்திருந்த சீட்டைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டான். வீங்கிய கன்னத்தைக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டான். இவரும் மறுபக்கம் போய் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார், வேறு எங்கே போவது என்று தெரியாதவர்போல.

ஆஸ்டின் அவர் கையைப் பிடித்துத் தூக்கிச் சாவியின் மேல் வைத்தான்.

இவர் என்னைப் பார்த்தார். பிறகு சாவியைத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. ஆஸ்டின் தெருவையே பார்த்தபடி, வண்டி கிளம்பக் காத்திருந்தான். செத்த நேரம் கழித்து, மறுபடியும் அவர் கையை எடுத்துச் சாவியில் வைத்தான்.