சங்கத்துச் சட்டை

பேர்னாட்டின் வலது கை சட்டைக்குள் போக மறுத்தது. மகள் பீற்றிஸ் முழங்கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். செத்து விறைத்துப்போன கொல்லன் கை. எதிரே நின்ற, தொங்கிப் பயிற்சி செய்யும் இரும்புத் தண்டுகளெல்லாம் அந்தக் கை அடித்தவைதாம்.

"மெல்ல மகள், கிழிச்சுப்போடாத," என்றார் சங்கச் செயலாளர் எட்வின். "மறுகா அடுத்த ஆளுக்கு வேணும்."

போர்த்துக்கேய வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் தேகப்பயிற்சி மண்டபத்தில் அது வழக்கம். பாட்டன்மார் காலத்து வெள்ளைச் சட்டை ஒன்று, நெஞ்சில் சிவப்புப் பட்டி. அங்கத்தவர் யார் செத்தாலும் அதை மாட்டி மண்டபத்தில் கிடத்துவார்கள். பெட்டி மூடுமுன் கழற்றி எடுத்துவிடுவார்கள். கழுத்துப் பட்டியில் முந்திய பிணத்தின் எண்ணெய் மஞ்சளாக ஒட்டிக் கிடந்தது.

"எனக்கு அளவு சரிவரும்," என்று சுவரோர வாங்குப் பலகையில் இருந்து இருமினார் கிழவர் யாக்கோப்பு. "தாங்க, இப்பவே போட்டுக்கிட்டு இருக்கன்."

விழா நாட்களில் ஆள்மேல் ஆள் ஏறிக் கோபுரம் கட்டுவார்கள். உயிரோடு அந்தச் சட்டையைப் போடுபவன் உச்சியில் நிற்பவன் மட்டும்தான். பேர்னாட் எப்போதும் அடித்தட்டு. கறுப்பு நிறம், கரி படிந்த நகம். அவர் தோளை மிதித்து உச்சிக்கு ஏறியவர் எட்வின்.

"செத்தாவது அதப் போடுவன் பிள்ள. கழட்ட விட்டிராத," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து சொல்லியிருந்தார் பேர்னாட்.

பீற்றிஸ் கத்தரிக்கோலை எடுத்தாள். சட்டையின் முதுகை மேலிருந்து கீழே ஒரே வெட்டாக வெட்டி, இரண்டு கைகளையும் நுழைத்துவிட்டாள்.

"ஐயோ, என்ன வேலகா பாத்தாய்!" என்று பதறினார் எட்வின்.

"கை போகல்ல, அங்கிள்."

செபம் முடிய வெயில் ஏறிவிட்டது. தெளித்த ஒடிக்கொலோன் வாசத்தையும் மீறி நாற்றம் எழும்பியது. பெட்டியின் மூடியைக் கொண்டுவந்து சாய்த்தார்கள்.

"தைச்சு எடுக்கலாம். கழட்டு மகள்."

"நீங்களே கழட்டுங்க. அவர்ர தோளு உங்களுக்குப் பழக்கம்தானே."

எட்வின் உதட்டைக் கடித்துக்கொண்டு தோளுக்கு அடியில் கையை விட்டார். விட்ட கை ஈரமாக வெளியே வந்தது. மோந்து பார்த்தார். முகம் கோணிப்போயிற்று.

"கிடக்கட்டும்," என்றார்.

"எனக்கும் வேணாம் அது," என்றார் யாக்கோப்பு. மூடியை எடுத்துப் பெட்டிமேல் வைத்தார்கள்.

தண்டில் தொங்குமுன் கை வழுக்காமல் பூசும் வெண்பொடிப் பெட்டி மூலையில் இருந்தது. எட்வின் ஓடிப்போய் மணிக்கட்டு வரை கையை அதில் புதைத்துத் தேய்த்தார். மோந்தார். திரும்பவும் புதைத்தார். பிறகு வந்து, அனுதாபம் சொல்ல அந்த வெள்ளைக் கையை அவளிடம் நீட்டினார்.

பீற்றிஸின் கையில் தகப்பனின் சுத்தியல் இருந்தது. முதல் ஆணியை மூடியில் நிறுத்தினாள்.