நாணலாற்றின் முதல் ஊஞ்சல்

கல்யாணராமன் பேச ஒப்புக்கொண்டால் மேடைக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, நாற்காலிகளுக்குத்தான் பிரச்சினை. போன தடவை மயிலாப்பூரில் அவர் மதகுகளைப் பற்றிப் பேசியபோது வந்தவர்கள் நான்கு பேர். அதில் ஒருவர் மைக் செட்காரர், அவர் நினைத்தாலும் எழுந்து போக முடியாது. அதனால் இந்த முறை அவர் மனைவி ஜலஜா சத்தமில்லாமல் போனைக் கையில் எடுத்தாள். மேற்கு மாம்பலம், அடையாறு, வேளச்சேரி என்று புருஷன் வீட்டுச் சொந்தம் எங்கெல்லாம் சிதறிக் கிடந்ததோ அங்கெல்லாம் பேசினாள். அணையின் வரலாறு என்று சொன்னால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியாதா? "கூட்டம் முடிஞ்சதும் கீரை வடையும் காபியும் உண்டு" என்று மட்டும் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் வடக்கு மாட வீதி மாடி ஹாலில் உட்கார இடமில்லை.

"இன்னா சார், இன்னிக்கு ஃபுல்லா கீது!" என்று மைக் செட்காரரே வாயைப் பிளந்தார். கல்யாணராமன் அதைத் தன் புகழ்க்கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்.

நாணலாறு அணையில் அவர் இளவயது இன்ஜினியராக வேலை பார்த்த காலத்தில் அந்த ஊருக்கு ஊர் என்ற பெயரே கிடையாது. கேம்ப் என்பார்கள். இன்று அங்கே தெருவுக்குத் தெரு லாட்ஜ், படகுச் சவாரி, ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் நிறுத்த இடமில்லாத கூட்டம். அந்தக் கேம்ப் எப்படிக் கோடைவாசஸ்தலம் ஆனது என்று அவர் ஒரு புத்தகமே எழுதி முடித்துவிட்டார். அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. அதற்கு முன்னோட்டம்தான் இந்தப் பேச்சு.

புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயம்தான் ஜலஜாவை உறுத்திக்கொண்டிருந்தது. 'பொதுப்பணித்துறையின் தொலைநோக்கில் உதித்ததே நாணலாற்றுப் பூங்கா' என்று அது தொடங்குகிறது. தொலைநோக்காவது, மண்ணாவது.

நடந்தது வேறு. அப்போது ஜலஜாவுக்குக் கல்யாணமாகி மூன்று வருஷம்கூட நிறையவில்லை. அணையோரம் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். மே மாதம் பிறந்தால் போதும், கல்யாணராமனின் மொத்தக் குடும்பமும் மெட்ராஸ் வெயிலுக்குத் தப்பி, படுக்கையும் கூஜாவுமாக வந்து இறங்கிவிடும். ஜில்லென்ற காற்று, வாடகையில்லாத இடம், மூன்று வேளையும் சுடச்சுடச் சாப்பாடு. வேறென்ன வேண்டும்? ஒற்றை மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துக்கொண்டு அவள் வடித்துக் கொட்டினாள். குழந்தைகளுக்கு ஓடிப்பிடித்து விளையாட அடுப்படியைத் தவிர இடம் கிடைக்கவில்லை. ஒருநாள் கொதிக்கிற ரசத்தை ஒரு வாண்டு தட்டிவிடப் பார்த்தபோது அவளுக்குப் பொறுமை போய்விட்டது. தோட்டக்காரரைக் கூப்பிட்டு, மதகின் ஷட்டரை இழுத்து ஓய்ந்துபோன சங்கிலியையும் ஒரு பலகையையும் கொண்டு கரையோரப் புளியமரத்தில் ஊஞ்சல் கட்டச் சொன்னாள். குழந்தைகள் வெளியே போயின.

பெரியவர்கள் நகரவில்லை. நாலு மணியானால் டிபன் எங்கே என்றார்கள். கூலியாட்களுக்கு டீ போட்டுக்கொண்டிருந்த மதிவாணனிடம், "சாயங்காலம் வாழைக்கா பஜ்ஜி போடுங்கோ, ஆளை நான் அனுப்பறேன்" என்றாள் ஜலஜா. பெரியவர்களும் போனார்கள். ஊஞ்சலைப் பார்க்க அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள். பஜ்ஜி வாசனைக்கு பஸ் நின்றது. உட்கார பெஞ்சு வந்தது, பெஞ்சைச் சுற்றிப் பூச்செடி வந்தது. எல்லாம் வந்த பிறகுதான் துறைக்குத் தொலைநோக்கு வந்தது. வேலி போட்டு, பலகை மாட்டி, டிக்கெட் கிழித்தார்கள். அந்த ஊஞ்சல் இன்னமும் அதே மரத்தில் ஆடுகிறது, போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிறார்கள்.

கையெழுத்துப் பிரதியைப் படித்த அன்றைக்கே அவள் சொல்லிப் பார்த்தாள். "ஏன்னா, அந்த ஊஞ்சலைக் கட்டச் சொன்னது நான்."

"ஆவணம் இருக்கா?" என்று கேட்டார் கல்யாணராமன். "சாங்ஷன் ஆர்டர் இல்லாத வேலை, வேலையே இல்லை ஜலஜா."

அதற்குமேல் அவளால் வாதாட முடியவில்லை. ஏன் கட்டச் சொன்னாய் என்று கேட்டால், உங்கள் மனுஷாளை வீட்டைவிட்டு வெளியேற்றத்தான் என்று எந்த வாயால் சொல்வது? இத்தனை வருஷமாக அவர்கள் எல்லோரும் அதைப் பாசம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இப்போது அதே மனுஷாள் அதே பசியோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். கல்யாணராமன் மதகின் குறுக்குவெட்டுப் படத்தைத் திரையில் காட்டி விளக்கோ விளக்கென்று விளக்கினார். சிலர் கொட்டாவியைக் கைக்குட்டையில் மறைத்தார்கள், சிலர் அந்தச் சிரமமும் படவில்லை. ஒருவழியாகக் கேள்வி நேரம் வந்தது. வேளச்சேரியிலிருந்து வந்திருந்த அவர் தங்கை சீதா எழுந்தாள்.

"அண்ணா, அந்தப் புளியமரத்து ஊஞ்சல் உன் புஸ்தகத்துல இருக்கோ?"

"இருக்கே. பொதுப்பணித்துறை அமைச்சது."

"நன்னா அமைச்சா! அது மன்னி கட்டினது. எங்களை ஆத்தைவிட்டு விரட்டறதுக்கு."

ஜலஜா வடையைப் பார்க்கிற சாக்கில் எழுந்திருக்கப் பார்த்தாள். நாத்தனார் அவள் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"எங்களுக்கு அப்பவே தெரியும் மன்னி. நாங்களும் சந்தோஷமாத்தான் ஓடினோம். உள்ள இருந்தா அண்ணா பிடிச்சு வெச்சுண்டு மதகு எப்படித் திறக்கறதுன்னு பாடம் எடுப்பான். பார்க்கப்போனா அந்த ஊரை உண்டாக்கினதே நீங்க ரெண்டு பேரும்தான். மன்னி வெளியில தள்ளினா, அண்ணா, நீ உள்ள வரவிடாம பண்ணினே."

ஹால் அதிர்ந்தது. கொட்டாவி விட்டவர்களெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சீதா மட்டும் உட்காரவில்லை.

"ஆனா ஒண்ணு மன்னி. நாங்க அத்தனை பேரும் வருஷா வருஷம் ஆடினோம். நீங்க ஒருநாள்கூட அதுல உக்காந்து நான் பார்த்ததில்லையே?"

"எப்படி உக்கார்றது? நீங்க ஆடிட்டு வரத்துக்குள்ள ராத்திரிக்கு உலை வெக்கணுமே" என்றாள் ஜலஜா.

சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அது உறைத்தது. அந்த ஊஞ்சலில் ஒரே ஒரு தடவை உட்கார வேண்டும் என்று அந்த வயதில் எவ்வளவு ஆசைப்பட்டாள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது. சிரிப்பு அடங்கிவிட்டது.

மேலதிகாரி சொல்லியும் ஒரு காற்புள்ளியை மாற்றாதவர் கல்யாணராமன். அவர் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டாம் அத்தியாயம் தப்பு" என்றார். "உங்கிட்ட போய் ஆவணம் கேட்டேனே, வெக்கமா இருக்கு ஜலஜா. புஸ்தகம் காத்துண்டிருக்கட்டும். முதல்ல நீ போய் அந்த ஊஞ்சல்ல உக்காரு. அப்பறம் எழுதறேன்."

"அங்க வந்து நீங்க மதகைப் பத்திப் பேசப்படாது."

"பேசலை."

கைதட்டல் அடங்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "எப்போ கிளம்பறோம் மன்னி? வேனுக்குச் சொல்லிடட்டுமா?" உடனே ஹால் முழுக்க நாள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஜலஜாவின் விரல் தானாக எழுந்து தலைகளை எண்ணத் தொடங்கியது. இத்தனை பேருக்குப் புளியோதரைக்கு அரிசி எவ்வளவு போட வேண்டும்? மூன்றாவது வரிசை வரை போன பிறகுதான் தன் விரலையே கவனித்தாள். மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாரும் வாங்கோ" என்றாள். "சாப்பாட்டுக்கு அங்க ஹோட்டல் இருக்கு. என்னைத் தேடினா, ஊஞ்சல்ல இருப்பேன்."