நீல ரிப்பன் கட்டிய பெட்டி

எதிர்வீட்டுக் கோசாரா அத்தையிடம் "கொஞ்சம் ஜன்னலைத் திறந்து வையுங்க" என்று சொல்ல எங்கள் கட்டடத்தில் யாருக்கும் தைரியம் கிடையாது. மேல்மாடிக்காரர் ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து மாடிப்படியில் அவர் எதிரே வந்தால் அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறார்.

யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த யாராவது நானாக இருக்கக் கூடாது என்று டிசம்பர் முழுக்க வேண்டிக்கொண்டேன். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் காலை ஷிப்ட் முடித்து, பனியில் மேடு ஏறி வந்தால், பையில் சாவியைத் தேடக்கூட எனக்குத் தெம்பிருக்காது. அடுத்த வீட்டு அடுப்பைப் பற்றி எங்கே கவலைப்படுவது?

ஆனால் விஷயம் அடுப்புதான். அத்தையின் சமையலறையில் பெரிய இரும்பு விறகடுப்பு; குளிர்காலம் முழுக்க அணையாது. அதற்கு மேலே சுவரில் இருந்த வென்டிலேட்டர் ஓட்டையில் பழைய கம்பளிக் காலுறைகளைத் திணித்து, மேலே காகிதம் ஒட்டிவிட்டார். ஜன்னல் இடுக்கெல்லாம் டேப். கதவடியில் சுருட்டிய போர்வை. எல்லாம் குறுக்குக் காற்றுக்குப் பயந்து.

எங்கள் ஊரில் குறுக்குக் காற்றுக்குப் பயப்படாதவர்கள் இல்லை. பல்வலி, இடுப்புவலி, குழந்தைக்குக் காதுவலி, எல்லாப் பழியும் அதன் மேல்தான். அத்தைக்கு அந்தப் பயம் இரண்டு பங்கு. வேலைக்காலம் முழுக்கத் தபால் ஆபீஸ் கவுன்டர் ஜன்னலில் உட்கார்ந்தவர். தன் கழுத்தை அந்த ஜன்னல்தான் தின்றது என்பார்.

அந்தக் குளிர்காலத்தில் அவருக்குத் தலைவலி. நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பார்.

"எங்கிருந்தோ காத்து வருது நெவெனா. மண்டையப் பொளக்குது. நேத்து அலமாரிக்குப் பின்னாடி ஒரு விரிசலைக் கண்டுபிடிச்சு அடைச்சேன்."

தலைவலி கூடக்கூட இன்னொரு விரிசலை அடைப்பார். விரிசல் அடைய அடையத் தலைவலி கூடும். தங்கை வீட்டில் சில நாள் தங்கியபோது வலி சுத்தமாக இல்லையாம். "அவ வீட்ல காத்து வர்ற ஓட்டையே இல்ல பாரு" என்றார்.

போன குளிர்காலத்தில் இப்படித்தான் அடைத்த வீட்டில் தூங்கிய ஒரு குடும்பம் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தது. அவர்களின் போர்வைகள் என் கைக்குத்தான் வந்தன. அவற்றில் புகை வாசனைகூட இல்லை. அடைத்த அறையில் அடுப்பு கக்கும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது.

"நேராச் சொல்லித் தொலையேன்" என்றார் என் கணவர் ப்லாகோயே.

"நீங்க போய்ச் சொல்லுங்களேன்."

"எனக்கு அவங்க சுடுற வால்நட் கேக் வேணும்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதிகாரிகளிடம் சொன்னால் அடுப்புக்கே சீல் வைத்துவிடுவார்கள். அப்புறம் அத்தை குளிரில் விறைக்க வேண்டியதுதான். யோசித்து யோசித்துக் களைத்து, கடைசியில் விஷவாயு அலாரம் ஒன்று வாங்கினேன். உள்ளங்கை அகலம்தான். வெறுமனே கொடுத்தால் குத்திக்காட்டுவதாக நினைப்பாரே என்று, கடைப்பெண்ணிடம் கொடுத்துப் பரிசுத்தாள் சுற்றி நீல ரிப்பன் கட்டி வாங்கினேன். சாயங்காலம் காபி குடிக்கப் போனபோது மேஜையில் வைத்தேன்.

"எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்யவில்லை. எங்கள் ஊரில் பரிசைக் கொடுத்தவர் முன்னால் யாரும் பிரிப்பதில்லை. தட்டையான பெட்டி என்றால் சாக்லேட். காபிப் பொட்டலத்தோடு அலமாரிக்குள் போகும். அடுத்த விசேஷத்துக்கு அப்படியே வேறு வீட்டுக்குப் பயணம். எங்கள் தெருவில் சில சாக்லேட் பெட்டிகள் என்னைவிட அதிக வீடு ஏறி இறங்கியிருக்கும்.

எங்கள் ஊரில் குடும்பத்துக்கு ஒரு காவல் புனிதர்; எங்களுக்குப் புனித நிக்கோலா. அவர் நாளில் வீடு நிறைய விருந்தாளிகள். கோசாரா அத்தை நல்ல கோட்டு போட்டுக்கொண்டு, உதட்டுச்சாயம் பூசிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பெட்டி. நீல ரிப்பன்.

"உனக்குன்னே தேடி வாங்கினேன்" என்றார். "உள்ளே ஹேசல்நட் வெச்சது."

ப்லாகோயே மீன் தட்டோடு சமையலறைக்குள் ஓடினார். அங்கிருந்து அவர் சிரிப்பை விழுங்கும் சத்தம் கேட்டது. நான் என்ன சொல்வது? விருந்தாளிகள் முன்னால் "இது நான் கொடுத்தது" என்றால் அத்தை அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடுவார். "நன்றி அத்தை" என்றேன். அலமாரியில் வைத்தேன். நாளெல்லாம் நின்ற கால் வலித்தது.

ஜனவரியில் அத்தை வீட்டு முறை. அவர்களுடைய புனிதர் ஸ்தேவான். இந்த விருந்துக்கு யாரையும் அழைக்கும் வழக்கமில்லை. வர நினைப்பவர்கள் வருவார்கள், வந்தவர்களுக்குக் கதவு திறந்திருக்கும். முந்தின நாள் முட்டைகோஸ் இலையில் கறி சுருட்ட என்னைக் கூப்பிட்டார். அடுப்பு கணகணவென்று எரிந்தது. அத்தையின் கன்னம் சிவந்திருந்தது. கை தடுமாறி இரண்டு தடவை கரண்டியைக் கீழே போட்டார்.

"போன வருஷம் மாதிரி ஆகக் கூடாது நெவெனா."

"என்னாச்சு போன வருஷம்?"

"எங்கண்ணன் குடும்பம் பாதியில எந்திரிச்சுப் போயிட்டாங்க. வறுத்த பன்னியத் தொடவே இல்ல. அந்த மருமக ஒய்யாரி, தலைய சுத்துதுன்னா, மாடிப்படியில வாந்தி வேற. என் சமையலு அவளுக்கு ஆகலையாம். அன்னைலேர்ந்து போனே இல்ல." முட்டைகோஸ் இலையைச் சுருட்டாமல் கசக்கினார். "இந்தத் தடவ வந்தா ஒரு குத்தம் சொல்ல முடியாது. குளிருதுன்னுகூடச் சொல்ல முடியாது. சாவித் துவாரத்தக்கூட அடைச்சிட்டேன்."

நாளைக்கு இந்த அறையில் இருபது பேராவது உட்காருவார்கள். கைக்குழந்தைகள்கூட வரும். எனக்கே நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்திருந்தது.

"ஒரு நிமிஷம் அத்தை" என்று கதவைத் திறந்தபடியே விட்டு என் வீட்டுக்கு ஓடினேன். நீல ரிப்பனை அறுத்தேன், பேட்டரி போட்டேன். திரும்பி வந்து மேஜையில் மாவுக் கிண்ணத்தின் பக்கத்தில் வைத்தேன்.

"என்னது இது? கதவைச் சாத்து முதல்ல!"

சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் அது கத்த ஆரம்பித்தது. காதைக் கிழிக்கிற கத்தல்.

"அடி நிறுத்துடி அத! என்ன எழவு இது?"

"விஷப்புகை இருந்தா கத்தும் அத்தை. உங்க அடுப்புப் புகைதான். வெளியே போற வழியெல்லாம் அடைஞ்சிருக்கு. வாங்க, முதல்ல படிக்கட்டுக்கு வாங்க."

இழுத்துக்கொண்டு வந்தேன். உள்ளே ஓடி டேப்பைக் கிழித்து ஜன்னலைத் திறந்து, எரியும் கட்டைகளை இரும்பு வாளியில் அள்ளிப் பால்கனிப் பனியில் கொட்டினேன். பிறகு படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கையில் இன்னும் அந்த ரிப்பன் சுற்றியிருந்தது. அத்தை அதைப் பார்த்தார்.

"இது எங்கே கிடைச்சது உனக்கு?"

"நிக்கோலா நாளுக்கு யாரோ கொண்டாந்தாங்க. வீடு நிறைய ஆளு, யாருன்னு ஞாபகமில்ல."

ரிப்பனை என் கையிலிருந்து எடுத்து விரலில் சுற்றினார். முதலில் யார் கொடுத்தது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"அத்தை, உங்க அண்ணன் மருமகளுக்கு வாந்தி வந்தது உங்க சமையலால இல்ல."

"அப்போ நான்தான் அவங்களுக்கு விஷம் வெச்சேனா?" என்றார்.

"நீங்க இல்ல. புகைபோக்கி."

"ஒரு வருஷமா அவள வாயில வராத பேரெல்லாம் சொல்லித் திட்டியிருக்கேன்டி." நெற்றித் துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். "ஊர்ல தெரிஞ்சா? விருந்துக்கு வந்தவங்களக் கொல்லப் பாத்தா கோசாரான்னு..."

"ஏன் தெரியணும்? விசேஷத்துக்கு முன்னாடி புகைபோக்கி சுத்தம் பண்றவர் வீட்டுக்கு வந்தா ராசி. ராசிக்குத்தான் கூப்பிட்டோம்."

புகைபோக்கிக்காரர் அன்று சாயங்காலமே வந்தார். மேல்மாடிக்காரர் எட்டிப் பார்த்தபோது அத்தை, எல்லோரும் செய்வதுபோல புகைபோக்கிக்காரரின் கறுப்புக் கோட்டுப் பொத்தானைத் தொட்டுக்கொண்டு, "ராசிக்கு!" என்று சத்தமாகச் சொன்னார். புகைபோக்கியிலிருந்து ஒரு காக்கைக் கூடு முழுசாக வந்தது. வென்டிலேட்டரிலிருந்து காலுறைகளை அத்தையே பிடுங்கினார். அடுப்பைத் திரும்பப் பற்றவைத்தபோது அலாரம் கத்தவில்லை. அப்புறம் அண்ணனுக்குப் போன் போட்டார். என்ன பேசினார் என்று தெரியாது. நான் அவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டேன்.

மறுநாள் அண்ணன் குடும்பம் வந்தது. அந்த மருமகள் வறுத்த பன்றியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். வந்தவர்களெல்லாம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "கோசாரா, குறுக்குக் காத்து அடிக்குது! ஜன்னலைச் சாத்து!" என்றார்கள்.

"என் வீட்ல அது திறந்துதான் இருக்கும்" என்றார் அத்தை, கோட்டும் இரண்டு சால்வையும் போட்டுக்கொண்டு. "குளிருதுன்னா ராக்கியாவக் குடி" என்று பழச்சாராயப் புட்டியை நகர்த்தினார்.

ஜன்னலுக்கு நேரே உட்கார வேறு யாரும் சம்மதிக்காததால் நான் உட்கார்ந்தேன். அடுத்த நாள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன். அத்தை ராக்கியாவில் நனைத்த துணியோடு வந்து என் கழுத்தில் சுற்றினார்.

"குறுக்குக் காத்துன்னா சும்மாவா? சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க அத்தை."

துணியை இறுக்கி முடிச்சுப் போட்டார். பிறகு பையிலிருந்து ஒரு தட்டையான பெட்டியை எடுத்து என் மடியில் வைத்தார். அதே நீல ரிப்பன், இஸ்திரி போட்டது.

"பிரி."

"அப்புறம் பிரிக்கிறேன் அத்தை."

"என் முன்னாடியே பிரிடி."

பிரித்தேன். உள்ளே ஹேசல்நட் வைத்த சாக்லேட். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம்.