பாதிச் சீனியில் விளாம்பழ ஜாம்

துறைமுகக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே ஓர் ஆணியைக்கூட வீணாகப் போகவிட்டதில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்ததுதான் பிழை. எங்கள் ஊர் அன்புவழிபுரத்தில் என்னைக் கஞ்சன் என்பார்கள். சிக்கனக்காரன் என்று நான் சொல்லிக்கொள்வேன். என் மகள் தனுஷிகா இரண்டில் எதையும் சொல்வதில்லை. ஏழு மாதமாக அவள் என்னோடு கதைப்பதே இல்லை.

காரணம் ஒரு கோப்பி. கட்டாருக்கு வேலைக்குப் புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில் அவள் எங்களுக்குக் கோப்பி வாங்கித் தந்தாள். விலையைக் கேட்டதும் எனக்குத் தலை சுற்றியது. வாய் வைக்காத கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய், காசைத் திருப்பித் தரச் சொல்லி எல்லோர் முன்னாலும் வாதாடினேன். வென்றும் விட்டேன். திரும்பி வந்தபோது பிள்ளை உள்ளே போய்விட்டாள். "போயிட்டு வாறன்" என்றுகூடச் சொல்லவில்லை. அதன் பிறகு போனில் தாயோடு மட்டும்தான் கதை. நான் பக்கத்துக் கதிரையில் பேப்பர் படிப்பதுபோல் இருந்து ஒட்டுக் கேட்பேன்.

தீபாவளி வந்தது. மனைவி பூரணம் மகளுக்கு அனுப்பப் பயத்தம் உருண்டை பிடித்தாள். என்னோடு வேலை செய்தவரின் மகன், கிண்ணியா ஊர் அஸ்ஹான், லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும்போது கொண்டுபோவதாகச் சொன்னான். தனுஷிகாவுக்கு விளாம்பழ ஜாம் என்றால் உயிர். என் கையால் செய்து அனுப்பினால் மனம் இளகாதா என்று நினைத்தேன்.

விளாம்பழத்தைக் கடையில் வாங்குகிற ஆளா நான்? கோட்டைப் பக்கம் காலையில் நடக்கப் போகும்போது மரத்தடியில் விழுந்ததைப் பொறுக்கினேன். அதற்குக் கோட்டைக்குள் திரியும் மான்களும் வரும். கொம்பு வைத்த ஒன்று என்னை முறைத்தது. நானும் முறைத்தேன். கடைசியில் மான்தான் விட்டுக்கொடுத்தது. என்னைப் பார்த்துப் பாவப்பட்டிருக்க வேண்டும்.

"சரிக்குச் சரி சீனி போடுங்கோ," என்றாள் பூரணம்.

"பாதி காணும்."

"சீனி குறைஞ்சால் புளிச்சுப் பொங்கும்."

"எது கெடும், எது கெடாது எண்டு எனக்குத் தெரியும். நான் களஞ்சியத்தில இருந்தனான்."

களஞ்சியத்தில் இருந்தவை கம்பியும் கயிறும் என்பதை அவள் சொல்லிக்காட்டவில்லை. பழைய ஊறுகாய்ப் போத்தல்கள் இரண்டில் ஜாமை அடைத்தேன். ஒன்றைப் பயத்தம் உருண்டையோடு சேர்த்துக் கட்டி அஸ்ஹானிடம் கொடுத்தேன்.

"அங்கிள், இது ஒழுகாதுதானே? பெட்டிக்குள்ள புதுச் சேட்டெல்லாம் வெச்சிரிக்கன்."

"என்னை நம்பும் தம்பி," என்றேன்.

அவன் விமானம் ஏறிய மறுநாள் மத்தியானம், வீட்டு அலுமாரிக்குள் இருந்த மற்றப் போத்தலின் மூடி டப்பென்று பறந்தது. நுரைத்த ஜாம் தட்டுத் தட்டாக வழிந்தது. பூரணம் பழந்துணி எடுத்துத் துடைக்கத் தொடங்கினாள். அஸ்ஹானின் பெட்டிக்குள்ளும் இதே ஜாம்தான். இருந்த கொஞ்ச உறவையும் பாதிச் சீனிக்கு விற்றுவிட்டேனே என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

பின்னேரம் போன் அடித்தது. அடித்தது என்னுடைய போன். திரையில் தனுஷிகாவின் பெயர்.

"அப்பா, என்ன அனுப்பினனீங்கள்? அஸ்ஹான்ட சேட்டெல்லாம் நாசம். அம்மான்ட உருண்டை களியாப் போச்சு. ஆரும் இப்பிடிச் செய்வினமோ?"

"ஓம் பிள்ளை."

"அண்டைக்கும் இப்பிடித்தான். அந்தக் கோப்பி என்ர காசிலதானே வாங்கினனான்? எவ்வளவு வெக்கமாப் போச்சுத் தெரியுமோ?"

கோப்பிக் கடைக்காரனை மடக்கிய அதே வாயால், "பிழை என்னிலதான் பிள்ளை," என்று மட்டும் சொன்னேன். அவள் நிறுத்தாமல் ஏசினாள். ஏசட்டும், போனை மட்டும் வைத்துவிடக் கூடாது என்று நேர்ந்துகொண்டிருந்தேன்.

மூச்சு வாங்கிவிட்டுக் கேட்டாள்: "சீனி எவ்வளவு போட்டனீங்கள்?"

"பாதி."

"உண்மையைச் சொல்லுங்கோ."

"பாதியிலும் கொஞ்சம் குறைச்சல்."

அந்தப் பக்கம் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போத்தலின்ட அடியில கொஞ்சம் கிடந்தது," என்றாள். "வழிச்சுத் திண்டனான்."

"எப்பிடி இருந்தது, பிள்ளை?"

"புளிச்சுப் போச்சு, அப்பா. எண்டாலும் முழுக்கத் திண்டனான்."