ரிப்காவின் இடது கை

கிண்ணியாவில் ரிப்கா என்ற பிள்ளை கையில் எடுத்த எதுவும், அவளாக மனம் வைத்துக் கொடுத்தாலொழிய, கையை விட்டுக் கழலாது. பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம் அவளுடைய உம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோதுதான் இது தெரியவந்தது. மூன்று வயதுப் பிள்ளை உம்மாவின் முக்காட்டு மூலையைப் பிடித்த பிடியை நாலு பேர் சேர்ந்தும் பிரிக்க முடியவில்லை. வேன்காரன் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. கடைசியில் சாச்சி ஸுல்பிகா கத்தரிக்கோலால் துணியை வெட்டினாள். உம்மா மூலையில்லாத முக்காட்டோடு விமானம் ஏறினாள். துண்டு பிள்ளையின் இடது கையில் தங்கிவிட்டது. தேங்காயெண்ணெய் பூசினார்கள், ஓதி ஊதினார்கள், ஒன்றுக்கும் அசையவில்லை. அதோடேயே குளித்தாள், அதோடேயே நித்திரை கொண்டாள்.

முன்பள்ளியில் அவளுக்கு வாய்த்தவள் றுமானா டீச்சர். கலியாணமாகிப் பன்னிரண்டு வருடம், பிள்ளையில்லை. கேட்பவர்களிடம் "எனக்கு இருபத்திரண்டு புள்ள இரிக்கு" என்று சிரிப்பாள். வீட்டுக் கதவைச் சாத்தியதும் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். ரிப்கா வலது கையில் பந்தை எடுத்தால் அன்றைக்கு வேறு யாருக்கும் பந்தில்லை. மணியை எடுத்த நாளில், பள்ளி விட மணியடிக்க வழியில்லாமல் பிள்ளைகள் பின்னேரம் அஸர் தொழுகை வரை அங்கேயே இருந்தார்கள். றுமானா ஒருநாளும் பிடுங்கவில்லை. பக்கத்தில் குந்தி, வெறுங்கையை நீட்டியபடி காத்திருப்பாள். முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அரை, பிறகு ஐந்து நிமிடம். வருட முடிவில், டீச்சர் கேட்குமுன்னே ரிப்கா கொடுத்தாள். இடது கைத் துணியை மட்டும் றுமானா கேட்கவில்லை. கேட்க யாருக்குத்தான் மனம் வரும்?

அடுத்த வருடம் அப்ராஸ் என்ற புதுப் பிள்ளை உம்மாவைக் காணாமல் வாசலில் நின்று கதறினான். ரிப்கா அவனிடம் போய் இடது கையை விரித்தாள். "இந்தா, இதப் புடி. உம்மாட வாசம் இன்னும் இரிக்கு." அவள் உள்ளங்கை வெளிறிச் சுருங்கியிருந்தது. றுமானா குசினிக்குள் போய் அழுதாள். சந்தோஷம்தான். ஆனால் இந்தப் பிள்ளை இனி எதையும் விட்டுவிடும், தன்னையும் விட்டுவிடும் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

டிசம்பரில் விடுகை விழா நடந்தது. சான்றிதழ் வாங்கிய ரிப்காவை இடது கையில் பிடித்து றுமானா மேடையிலிருந்து இறக்கினாள். பிள்ளை கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இம்முறை விடாமல் பிடித்திருந்தது றுமானாவின் கை. கணவன் ஜவ்பர் எண்ணெய்ப் போத்தலோடு ஓடிவந்தான். "இழுக்க வாணாம் மாமா," என்றாள் ரிப்கா. "மனம் வரக்குள்ள டீச்சர் விடுவாங்க." குவைத்திலிருந்த உம்மா அதை வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "இரிக்கட்டும். நான் வாற வரைக்கும் ஒரு கையாவது அவளப் புடிச்சிரிக்கட்டும்," என்றாள்.

பாடசாலை தொடங்கியபோதும் றுமானாவுக்கு விட மனம் வரவில்லை. முன்பள்ளியை உதவி டீச்சர் பார்த்துக்கொண்டாள். எழுத வலது கை வேண்டுமென்பதால், முதலாம் வகுப்பில் ரிப்காவின் இடது பக்கத்தில் அதிபர் ஒரு பெரிய கதிரையைப் போடுவித்தார்.